நீர் எதிர்ப்பு மசகு

நீர் எதிர்ப்பு மசகு என்பது நீரில் நனைந்தாலும் எளிதில் கரையாமலும் கழுவப்படாமலும் உலோகப் பரப்பில் ஒட்டிநின்று, உராய்வையும் துருவையும் தடுக்கும் கிரீஸ் வகை ஆகும். மகிழுந்துகளின் சக்கரத் தாங்கிகள் (பேரிங்), திசைமாற்றி மூட்டுகள், டிராக்டர் இழுவைப்பெட்டிகளின் அச்சுகள் முதலியவற்றில் இது பயன்படுகிறது. நீரை முற்றிலும் வெல்லும் மசகு எதுவும் இல்லை. வகைக்கு வகை தாங்கும் அளவே வேறுபடுகிறது.

மசகு என்னும் சொல் மாட்டுவண்டி அச்சுக்கு இடும் கரிய மையைக் குறித்தது. வைக்கோலைக் கருக்கி ஆமணக்கெண்ணெயில் குழைத்து அதனைச் செய்தனர். இன்றைய கிரீசிலும் ஆமணக்கு மறையவில்லை என்பது கீழே விளங்கும்.

தேவை

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்கள் நெல்வயல்களும் ஏரிகளும் நிறைந்தவை. வில்லியனூர் வழியே சங்கராபரணி ஆறு ஓடுகிறது. பாகூரின் தென்பகுதியைத் தென்பெண்ணை ஒட்டிச் செல்கிறது. 2024 நவம்பர் 30 அன்று இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது 24 மணி நேரத்தில் 40 செ.மீ.க்கும் மேல் மழை பெய்தது. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறக்கப்பட்ட நீரால் தென்பெண்ணை பெருகி, பாகூர் கொம்யூன் ஊர்களில் வெள்ளம் புகுந்தது. இத்தகைய வெள்ளத்தில் நின்ற வண்டியின் இயந்திரத்தைக் கவனிப்போர் பலர். சக்கரத் தாங்கியை நினைப்போர் சிலரே.

ஓடிச் சூடேறிய சக்கரக் குடம் குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. அதனால் ஆயில் சீலின் விளிம்பு வழியே நீர் உள்ளே இழுக்கப்படுகிறது. நின்றிருந்த வண்டியை விட, ஓடிவந்து நீரில் இறங்கிய வண்டிக்கே இவ்வகைச் சேதம் எளிதில் நேரும். கிழக்கே கடலை ஒட்டிய பாகூர்ப் பகுதி ஊர்களில் உப்புக்காற்றின் அரிப்பும் சேர்ந்துகொள்கிறது.

வகைகள்

கிரீஸின் பெரும்பகுதி எண்ணெய் ஆகும். அதனைப் பஞ்சு நீரைப் பிடிப்பது போலப் பிடித்து வைத்திருப்பது கெட்டிப்பொருள். நீரைத் தாங்கும் திறன் பெரிதும் இக்கெட்டிப்பொருளைப் பொறுத்தது. நிறம் சாயத்தால் வருவது. அதற்கும் நீர் எதிர்ப்புக்கும் தொடர்பில்லை. மாலிப்டினம் டைசல்பைடு சேர்த்த கருநிற மசகு மிகுந்த பளுவைத் தாங்குமே தவிர, கருமையினால் நீரைத் தாங்குவதில்லை.

சோடியம் சோப்பு மசகு நீரில் கரையக்கூடியது. எனவே ஈரமான இடத்திற்கு ஆகாது. பழமையான கால்சியம் சோப்பு மசகு நீரை நன்கு எதிர்க்கும், விலையும் குறைவு. ஆனால் அதன் கட்டமைப்பைச் சிறிதளவு நீரே நிலைநிறுத்துவதால், சூடேறி அந்நீர் வெளியேறியதும் சோப்பும் எண்ணெயும் பிரிந்துவிடும். இதன் உருகுசொட்டு வெப்பநிலை ஏறத்தாழ 100 °செ மட்டுமே. இழுவைப்பெட்டி அச்சுக்கும் கீல்களுக்கும் இது போதும். தட்டு பிரேக்கின் வெப்பம் ஏறும் மகிழுந்துச் சக்கரத்துக்கு இதனை இடுவது தவறு.

மிகப் பரவலாகக் கிடைப்பது லித்தியம் மசகு. இதற்கான 12-ஐதராக்சி ஸ்டீயரிக் அமிலம் ஆமணக்கெண்ணெயிலிருந்து பெறப்படுகிறது. உலகில் ஆமணக்கை மிகுதியாக விளைவிப்பது இந்தியா, அதிலும் குசராத்து மாநிலம். லித்தியம் மசகு ஏறத்தாழ 180 °செ வரை உருகாது. நீரை நடுத்தரமாகத் தாங்கும். மழையில் ஓடும் வண்டிக்கு இது போதும். அடிக்கடி நீரில் மூழ்கும் உறுப்புக்குப் போதாது. அவ்விடத்திற்குக் கால்சியம் சல்ஃபோனேட்டுக் கூட்டு மசகு பொருந்தும். இது வெப்பம், நீர், உப்பு மூன்றையும் தாங்குவது. விலையும் அதற்கேற்ப அதிகம்.

சோதனை

ஏ.எஸ்.டி.எம். டி1264 என்னும் முறையில், மசகிட்ட தாங்கியை நிமிடத்திற்கு 600 சுற்றுகள் சுழற்றி அதன்மீது ஒரு மணி நேரம் 38 அல்லது 79 °செ வெப்ப நீரைப் பாய்ச்சுவர். கழுவிப்போன மசகின் எடை விழுக்காடாகக் கூறப்படும். உற்பத்தியாளரின் தரவுத்தாளில் இவ்வெண் குறைவாக இருப்பது நல்லது. ஒப்பிடும்போது வெப்பநிலையையும் பார்க்க வேண்டும். 38 °செ-இல் பெற்ற எண் இயல்பாகவே அழகாகத் தோன்றும்.

வாங்குதல்

இந்தியன் ஆயிலின் சர்வோ, பாரத் பெட்ரோலியத்தின் மாக், பால்மர் லாரியின் பால்மரால் முதலிய பெயர்களில் மசகுகள் விற்கப்படுகின்றன. உறையில் கெட்டிப்பொருளின் பெயரும் என்.எல்.ஜி.ஐ. எண்ணும் உள்ளனவா எனக் காண வேண்டும். இவ்வெண் கெட்டித்தன்மையை மட்டுமே குறிக்கும். சக்கரத் தாங்கிக்குப் பெரும்பாலும் 2 பயன்படும். எண் கூடினால் நீர் எதிர்ப்பும் கூடும் என்பது பரவலான தவறு. பீப்பாயிலிருந்து எடையிட்டுத் தரும் மசகில் வகையை அறிய வழியில்லை என்பதால், முத்திரையிட்ட சிறு டப்பாவே ஏற்றது.

பழையதன்மேல் வேறு வகையைத் திணிக்கலாகாது. லித்தியத்துடன் களிமண் அல்லது பாலியூரியா வகை கலந்தால் கலவை இளகி ஒழுகக்கூடும். பிரேக் காலிப்பர் ஊசிகளுக்குக் கனிம எண்ணெய் மசகு இட்டால் ரப்பர் உறை ஊதிவிடும். அங்குச் சிலிக்கோன் மசகே வேண்டும்.

வெள்ளத்திற்குப் பின்

நீர் கலந்த மசகு பால்நிறமாக மாறும். டிராக்டர் முன்சக்கரத்திலும் பழைய மகிழுந்துகள் பலவற்றிலும் தாங்கியைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்தி, புதிய சீலுடன் புது மசகு இடலாம். புள்ளித் துரு கண்ட தாங்கியை மாற்றிவிட வேண்டும். இன்றைய மகிழுந்துகள் பலவற்றில் தாங்கி மூடப்பட்டே வருவதால் மசகு இட இயலாது. வெள்ளத்திற்குச் சில வாரங்கள் கழித்து வேகத்தோடு கூடும் முரல் ஒலி கேட்டால், குடத்தையே மாற்றுவர்.