தறிக்குழி தோண்டியபோது தெரிந்தது

பட்டு நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்தில் வீடு பார்க்க வருபவர் பலரும் முதலில் கேட்பது, "தறிக்குழி போடலாமா?" என்றுதான். குழித்தறிக்குக் கால் மிதிக்கப் பள்ளம் வேண்டும். ஈரம் ஏறினால் பட்டும் சரிகையும் கெடும்.

பத்திரம் எழுதும் என்னிடம் அண்மையில் ஒரு நெசவாளர் தம்பதி வந்தார்கள். தரகர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய விளம்பரத்தில், தறி போட உகந்த கூடம், பாதாளச் சாக்கடை இணைப்பு உண்டு என்று இருந்தது. கிரயம் முடிந்து குழி தோண்டினால், புது டைல்ஸுக்கு அடியில் பழைய செப்டிக் டேங்க்! "பார்த்துத்தானே வாங்குனீங்க" என்று கையை விரித்துவிட்டார் விற்றவர்.

அந்தப் பேச்சு எடுபடாது. தனக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் புலப்படாத முக்கியக் குறையை விற்பவரே சொல்ல வேண்டும். சொல்லாமல் விடுவது மோசடி என்கிறது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55-வது பிரிவு. டைல்ஸைப் பெயர்த்துப் பார்த்தா வீடு வாங்குகிறோம்? விளம்பரத்தில் சொன்ன சாக்கடை இணைப்பு இல்லாத விஷயம் அவ்வளவு பலமில்லை. விசாரித்திருந்தால் தெரிந்திருக்குமே என்று எதிர்த்தரப்பு வாதாடும். அதனால் டேங்கைத்தான் பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.

விற்றவருக்குத் தெரியும் என்பதை நிரூபிப்பதுதான் கடினம். டைல்ஸ் பதித்த கொத்தனார் நல்ல சாட்சி. தோண்டிய பள்ளத்தை மூடாமல் படம் எடுக்க வேண்டும். விளம்பரம் வந்த போனையும் மாற்றக் கூடாது. முதலில் வக்கீல் நோட்டீஸ். மசியாவிட்டால் சிவில் வழக்கு. கிரயத்தை ரத்து செய்யக் கேட்கலாம், நஷ்டஈடும் கேட்கலாம். மோசடி தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் போக வேண்டும். பெண்களுக்கு, வருமானம் பாராமல், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தரும்.

விற்பவர் பில்டர் என்றால் வழி வேறு. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், 12-வது பிரிவின்படி, பொய் விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டியவர் நஷ்டஈடு கேட்கலாம். திட்டத்திலிருந்து விலகினால் முழுப் பணமும் வட்டியோடு திரும்பும். புகாரைச் சென்னையில் உள்ள தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்திடம் கொடுக்கலாம். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். அங்கே கெடு 2 ஆண்டு. பெங்களூரில் டிஎல்எஃப் சதர்ன் ஹோம்ஸ் வாக்களித்த வசதிகள் வராததற்கும், வீடுகள் தாமதமானதற்கும், வாங்கியவர்களுக்கு நஷ்டஈடு தரும்படி 2020-இல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது.

இப்போது கிரய அக்ரிமென்ட் எழுத வருபவர்களிடம் விளம்பரத்தை முதலில் வாங்கிப் படிக்கிறேன். அதில் சொன்ன வசதிகளையும், செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது என்பதையும் விற்பவர் வாயால் சொல்லவைத்து, அட்வான்ஸ் கை மாறுவதற்கு முன்பே அக்ரிமென்டில் எழுதிவிடுகிறேன்.