கேட்டவரும் சொன்னவரும்

1915 இறுதியில் கில்பர்ட் ஸ்லேட்டர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியராக வந்து சேர்ந்தார். மறு ஆண்டே மாணவர்களிடம் ஒரு வினாப்பட்டியலைக் கொடுத்து, அவரவர் ஊரைப் பற்றி எழுதி வரச் சொன்னார். அப்படித்தான் வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி, இருவேல்பட்டு ஆகிய ஊர்கள் 1918-இல் அச்சேறின. ஆய்வாளர்கள் இன்றும் அவற்றை ‘ஸ்லேட்டர் கிராமங்கள்’ என்றே சொல்கிறார்கள்.

அன்று கேட்டவர் ஊர்க்காரர். எந்த நிலம் யாருடையது, எந்தக் கடன் எத்தனை வருஷத்துப் பழையது என்பதெல்லாம் அவருக்குக் கேட்காமலே தெரியும். காணியையும் கலத்தையும் யாரும் அவருக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் தான் எந்தத் திண்ணையில் உட்கார்ந்து ஊரைப் பார்க்கிறோம் என்று அவர் எழுதவில்லை. எழுத வேண்டுமென்று அன்று யாருக்கும் தோன்றவும் இல்லை. இருவேல்பட்டைப் பற்றி எழுதியவர் சுந்தர ரெட்டி. அந்த ஊரில் நிலமும் அதிகாரமும் ரெட்டியார்களிடம் இருந்த காலம் அது. அவர் கொடுத்த கணக்கைப் பொய் என்று நான் சொல்லவில்லை. அதே கணக்கைச் சேரியிலிருந்து ஒருவர் எழுதியிருந்தால் எந்த வரியிலிருந்து தொடங்கியிருப்பார் என்றுதான் யோசிக்கிறேன்.

நல்லவேளையாக ஸ்லேட்டரின் ஊர்களை யாரும் அப்படியே விட்டுவிடவில்லை. பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் 1936-37-இல் மறுபடி போனார்கள். இருவேல்பட்டுக்கு 1981-இல் எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும், 2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் மூவரும் போனார்கள். பின்னால் வந்தவர்கள் கூலிக்காரர்களின் சொல்லையும் கணக்கில் சேர்த்தார்கள். ரெட்டியார்களின் ‘பெரிய வீட்டின்’ பிடி தளர்ந்த கதை அதனால்தான் நமக்குக் கிடைத்தது.

இதற்கிடையில் ஆய்வு முறையே வேறு பக்கம் திரும்பியிருந்தது. புள்ளியியலாளர் மகலனோபிஸ் வளர்த்தெடுத்த மாதிரிக் கணக்கெடுப்பு 1950-இல் தேசிய அளவுக்கு வந்தது. ஓர் ஊரை முழுதாக அறிவதைவிட, பல ஊர்களில் குலுக்கலில் விழுந்த சில வீடுகளை அறிவது மேல் என்பது அதன் நம்பிக்கை. தன் கணக்கு எவ்வளவு பிசகக்கூடும் என்பதையும் அது சேர்த்தே சொல்லும். அந்த அடக்கம் 1916-இல் இல்லை. குலுக்கலுக்குச் சாதி தெரியாது. மேலத்தெருவுக்கு விழும் சீட்டு சேரிக்கும் விழும். இது சிறிய லாபமில்லை.

இன்று கேட்பவர் வெளியூர்க்காரர். கையில் டேப்லெட் இருக்கிறது. ஒரு கேள்விக்குப் பதில் பதியாமல் அடுத்த கேள்வி திறக்காது. ஒரு வீட்டில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தால் அதிகம்.

அப்படி ஓர் இளைஞரோடு வட மாவட்டக் கிராமம் ஒன்றுக்கு நானும் போயிருந்தேன். வாசலில் ஓர் அம்மா காலை நீட்டி உட்கார்ந்து, தங்கள் நிலத்து விதைப்புக்கு மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார். முறத்தில் பாதிக்கு மேல் பருப்பு சேர்ந்திருந்தது.

“நீங்க என்னம்மா வேலை செய்யறீங்க?”

“நான் என்னப்பா வேல செய்யறேன், வூட்ல சும்மாதான் கெடக்கறேன்.”

வீட்டு வேலை மட்டும் செய்பவர்களுக்கான குறியீடு 92. இளைஞர் 92 என்று தட்டினார். அடுத்த கேள்வி திறந்தது. அந்த அம்மா தலை நிமிராமல் இன்னொரு கை மல்லாட்டையை அள்ளி மடியில் போட்டுக்கொண்டார்.