பத்தும் பன்னிரண்டும்

பத்தோடு ஒன்று சேர்ந்தால் பதினொன்று; மூன்று சேர்ந்தால் பதின்மூன்று; நான்கு சேர்ந்தால் பதினான்கு. இரண்டு சேருமிடத்து மட்டும் பத்து என்னுஞ் சொல் ‘பதின்’ ஆகாது ‘பன்’ என நின்று பன்னிரண்டு ஆகின்றது. இத்திரிபுக்கெனத் தொல்காப்பியர் குற்றியலுகரப் புணரியலிலே தனிவிதி வகுத்துள்ளார். மாணவர் அவ்விதியை நெட்டுருச் செய்து, தேர்விலே எழுதி, பின்பு மறந்துவிடுவர். சொல்லளவிலே தனித்து நிற்கும் அவ்வெண் பொருளளவிலும் தனிச்சிறப்பு உடையது என்பதை அவர்க்கு எடுத்துரைப்பார் அரியர். அச்சிறப்பினை விளக்கி, நம் வீட்டுக் கணக்கிலும் பாடசாலைக் கணக்கிலும் பன்னிரண்டால் எண்ணும் பழக்கத்தைப் பத்தின் அருகே வைத்துப் பயிலவேண்டும் என வேண்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஈராறும் முந்நான்கும்

செய்யுளிலே எண்களைப் பெருக்கிச் சொல்லும் மரபு தமிழ் கற்றார் யாவரும் அறிந்தது. பத்தினை அவ்வாறு சொல்லப் புகுந்த புலவன் ‘ஈரைந்து’ என்பான். அன்றேல் ‘ஐயிரண்டு’ என அதனையே முன்பின்னாக மாற்றுவான். வேறு வழி அவனுக்கு இல்லை. பன்னிரண்டினையோ ‘ஈராறு’ எனலாம். ‘முந்நான்கு’ எனவும் சொல்லலாம். யாப்புக்கு வாய்த்த இந்த வசதி வாழ்க்கைக்கும் வாய்க்கின்றது. ஒன்றும் அவ்வெண்ணும் ஒழிய, பத்தினை மீதியின்றி வகுக்கும் எண்கள் இரண்டும் ஐந்துமே. பன்னிரண்டினை வகுப்பன இரண்டு, மூன்று, நான்கு, ஆறு என நான்கு.

பத்து மாம்பழங்களை மூன்று பிள்ளைகளுக்குப் பங்கிடும் தாய், ஒன்றை வெட்டியாக வேண்டும்; நால்வராயின் இரண்டை வெட்டியாக வேண்டும். பன்னிரண்டு பழங்கள் இருப்பின், இருவர்க்கு ஆறும், மூவர்க்கு நான்கும், நால்வர்க்கு மூன்றும், அறுவர்க்கு இரண்டும் ஆகக் கத்தியின்றியே பங்கு முடியும். ஐவர் வந்தால் மாத்திரமே இடர்ப்பாடு உண்டு. பெட்டியிலே அடுக்கும் வணிகனும் இதனை அறிவான். பத்துப் பொருளை இரண்டு வரிசையில் ஐந்தைந்தாக அடுக்கலாம்; இல்லையேல் ஒரே நெடுவரிசையாக நீட்டலாம். பன்னிரண்டாயின் இரண்டு வரிசையிலும் அடுக்கலாம், மூன்று வரிசையிலும் அடுக்கலாம். கொப்பியும் பென்சிலும் டசின் கணக்கிலும், பொத்தான் குறோஸ் கணக்கிலும் விலைப்பட்டமை வெறும் வழக்கத்தால் அன்று. டசின் பன்னிரண்டு, குறோஸ் பன்னிரண்டு பன்னிரண்டு, அஃதாவது 144.

மாதம் பன்னிரண்டு, இராசி பன்னிரண்டு, உயிரெழுத்துப் பன்னிரண்டு, இசையிலே சுரத்தானம் பன்னிரண்டு. மேளகர்த்தா இராகங்கள் 72 என்பதும் ஆறு பன்னிரண்டே. சிற்பநூல் மரபிலே பன்னிரண்டு விரல் ஒரு சாண்; இருபத்து நான்கு விரல் ஒரு முழம். நம் தச்சர் கையிலுள்ள அளவுநாடாவிலே அடிக்கு அங்குலம் பன்னிரண்டு. இவற்றைத் தொகுத்துக் காட்டி, பன்னிரண்டே பண்டைத் தமிழரின் எண்முறை என்று முரசறையச் சிலர் விரும்பக்கூடும். அஃது உண்மையன்று. தமிழ் எண்ணுப்பெயர்கள் முற்றும் பத்தின் வழியே அமைந்தவை. பத்துக்கும் நூற்றுக்கும் ஆயிரத்துக்கும் ௰, ௱, ௲ எனத் தனிக்குறிகள் வகுத்த மொழி நம்முடையது. பன்னிரண்டினை அதன் பயன் கருதியே போற்றவேண்டும். பழம்பெருமையைத் துணைக்கு அழைத்தல் வேண்டா.

மூன்றிலொன்று எங்கே?

நம் முன்னோர் பின்னக் கணக்கிலே எத்துணை நுண்மை உடையர் என்பது எண்சுவடியால் அறியப்படும். அரை, கால், அரைக்கால், மாகாணி எனப் பதினாறிலொன்று வரையும் பாதிபாதியாக இறங்குவர். இருபதிலொன்று மா, எண்பதிலொன்று காணி, முந்நூற்றிருபதிலொன்று முந்திரி. அம்முந்திரியையும் முந்நூற்றிருபதாக்கிக் கீழ்முந்திரி என்றனர். ஐந்திலொன்று வேண்டின் நாலுமா என்று சொல்லிவிடலாம். ஆயின், மூன்றிலொன்றுக்கு இவ்வரிசையில் இடமில்லை. முந்நூற்றிருபது என்பது இரண்டும் ஐந்துமே பெருகி வந்த தொகை; அதனுள் மூன்று இல்லை. ஆகவே எத்துணை நுணுக்கி நுணுக்கிச் சென்றாலும் மூன்றிலொன்று அகப்படுவதேயில்லை. பத்தின் குறைபாடு இது. அதனைச் சுமந்தவர் நம் முன்னோர் மட்டும் அல்லர், இன்று 0.3333 என்று எழுதி முடிவு காணாது நிறுத்தும் மாணவனும் அதனையே சுமக்கின்றான்.

நாணயங்களின் வரலாறும் இதற்குச் சான்று. பழைய இந்திய ரூபாய்க்கு அணா 16. அணாவுக்குப் பை 12. ஒரு ரூபாயை மூவர் பங்கிட்டால் தலைக்கு 5 அணா 4 பை. 1957ஆம் ஆண்டு ஏப்பிரல் முதலாந் திகதி ரூபாய் நூறு பைசா ஆனபின் அப்பங்கு முழுமையாக வராது. இங்கிலாந்திலே சிலிங்குக்குப் பென்சு 12. பவுணுக்குச் சிலிங் 20. ஒரு பவுணின் மூன்றிலொரு கூறு 6 சிலிங் 8 பென்சு எனத் துலக்கமாக நின்றது. 1971ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆந் திகதி அந்நாடும் நூற்றுக்கு மாறியது. இலங்கையோ இவ்விரு நாடுகளுக்கும் நெடுங்காலம் முந்தி, 1872ஆம் ஆண்டிலேயே ரூபாய்க்கு நூறு சதம் என்ற கணக்கை மேற்கொண்டுவிட்டது. கூட்டலும் பெருக்கலும் இதனால் எளிதாயின என்பதை மறுப்பாரில்லை. எழுதும் எண்கள் பத்தடியாகவும் நாணயம் பன்னிரண்டடியாகவும் இருந்தால் கணக்கர் இடர்ப்படுவது இயல்பே. அவ்விடரைத் தீர்க்க நாணயத்தை எண்ணுக்கு இசைவித்தனர். எண்ணை நாணயத்துக்கு இசைவித்திருப்பின் யாதாகும் என்பதே பன்னிரண்டு அன்பர்களின் வினா.

எழுதும் முறை

பத்தடி எண்ணிலே ‘10’ என்பது ஒரு பத்தும் சுழியமும். பன்னிரண்டடியிலே அதே குறி ஒரு பன்னிரண்டும் சுழியமும் ஆகும். ‘100’ என்பது 144. ‘1000’ என்பது 1728. பத்துக்கும் பதினொன்றுக்கும் ஒற்றைக் குறிகள் இரண்டு புதிதாக வேண்டும். இங்கே தமிழனுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. பத்துக்கு ஒற்றைக்குறி நம்மிடம் முன்னரே இருக்கின்றது: ௰. பதினொன்றுக்கு, உயிரும் மெய்யும் ஆகாது தனித்து நிற்கும் ஆய்தத்தைக் கொள்ளலாம் என்பது என் கருத்து. இதனினும் பொருத்தமான குறியை அறிஞர் கூறுவராயின் ஏற்றுக்கொள்வேன். அங்ஙனமாயின் இருபத்திரண்டு 1௰ ஆகும். முப்பத்தைந்து 2ஃ ஆகும். ஆண்டின் நாள்கள் 365 என்பது 265 என எழுதப்படும். இலங்கை ரூபாய் பத்தின் வழிப்பட்ட 1872ஆம் ஆண்டினைப் பன்னிரண்டடியிலே எழுதிப் பாருங்கள். 1728இன் மேல் 144, எனவே 1100! பன்னிரண்டினைக் கைவிட்ட ஆண்டு பன்னிரண்டின் கணக்கிலே முழுமையான ஆண்டாக அமைந்தமை சுவையான முரண்.

பின்னங்களின் அழகை நோக்குக. அரை 0.6, மூன்றிலொன்று 0.4, கால் 0.3, ஆறிலொன்று 0.2, முக்கால் 0.9. எட்டிலொன்று 0.16 என ஈரிடத்தில் முடியும். தசமத்தில் அதற்கு 0.125 என மூவிடம் வேண்டும். வாய்பாடுகளும் எளியவாகும். மூன்றாம் வாய்பாடு 3, 6, 9, 10 என நான்கடியிலும், நான்காம் வாய்பாடு 4, 8, 10 என மூன்றடியிலும், ஆறாம் வாய்பாடு 6, 10 என ஈரடியிலும் சுழியத்தை எட்டி மீண்டும் தொடங்கும். ஐந்திலொன்று மட்டும் 0.2497 என்று வந்து, அந்நான்கு இலக்கங்களே முடிவின்றி மீளும். ஐந்தின் இடர் பெரிதா, மூன்றின் இடர் பெரிதா என்பதை அவரவர் தம் வீட்டுப் பங்கீட்டை நினைத்துத் தீர்மானிக்கலாம்.

முன்னே முயன்றவர்

இவ்வெண்ணம் புதியதன்று. பதினெட்டாம் நூற்றாண்டிலே பிரெஞ்சு இயற்கைநூலறிஞர் பூஃபோன் இதனைப் பரிந்துரைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுருக்கெழுத்து வகுத்த ஐசக் பிற்மனும், தத்துவஞானி ஹேர்பேட் ஸ்பென்சரும் இதன் பக்கம் நின்றனர். அமெரிக்கரான எமர்சன் அன்ட்ரூஸ் 1934இல் ஒரு கட்டுரையும் 1935இல் ஒரு நூலும் எழுதினார். அதன் பயனாக 1944இல் அமெரிக்காவிலும், 1959இல் பிரித்தானியாவிலும் பன்னிரண்டடிச் சங்கங்கள் தோன்றின. மனக்கணக்கிலே இணையற்றவராக விளங்கிய எடின்பரோப் பேராசிரியர் எயிற்கின், தசம நாணயத்தை எதிர்த்து 1962இல் ஒரு சிறுநூலே வெளியிட்டார்.

நூலறிஞர் கனவாக மட்டும் இது நின்றதில்லை. நைஜீரியாவின் நிம்பியா மக்களும் நேபாளத்தின் செப்பாங் மக்களும் பன்னிரண்டால் எண்ணியவர்கள். நமக்கு அயலிலுள்ள மாலைதீவின் திவேகி மொழியிலே அறுபதுக்குப் பெயர் ‘ஃபஸ்தொளஸ்’. ஐந்து பன்னிரண்டு என்பது அதன் பொருள். சிங்களத்திலே பன்னிரண்டைக் குறிக்கும் ‘தொளஹ’ என்பதோடு அச்சொல் உறவுடையது. பழைய பன்னிரண்டெண்ணின் சுவடு அங்கே இன்றும் நாவிலே வாழ்கின்றது.

அறிஞர் பலர் முயன்றும் இம்முறை அரசேறவில்லை. ஏன்? பிரெஞ்சுப் புரட்சியாளர் பட்ட பாடு இதற்கு விடை தரும். அவர்கள் 1793இல் நாளொன்றுக்குப் பத்து மணி, மணியொன்றுக்கு நூறு நிமிடம் என ஆணையிட்டனர். நீட்டலும் நிறுத்தலும் பத்தின் வழிப்பட உலகு இசைந்தது, காலம் இசையவில்லை. 1795இலேயே பத்துமணிக் கடிகாரத்தின் கட்டாயத்தை நிறுத்திவைத்தனர். பத்தின்மேல் அத்துணைப் பற்றுடைய அவர்களும் மாதங்களைப் பன்னிரண்டாகவே விட்டுவைத்தனர் என்பது கருதத்தக்கது. மக்கள் கையிலே வேரூன்றிய எண்ணை ஆணையால் பெயர்க்க இயலாது. அன்று பன்னிரண்டைக் காத்த அந்நியதியே இன்று பத்தையும் காக்கின்றது. உலகின் கணக்கேடுகள் அனைத்தையும் மாற்றி எழுதுமாறு யாரையும் கேட்பது வீண்முயற்சி.

நாம் செய்யத்தக்கது

ஆயின் பன்னிரண்டு நுழைவதற்கு அரசாணை வேண்டியதில்லை, வகுப்பறை போதும். கழித்தல் கணக்கிலே ‘பக்கத்து வீட்டிற் கடன் வாங்குதல்’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகின்றோம். வாங்கிய கடன் ஏன் பத்தாக வந்தது என்று வினவினால், நன்றாகக் கணக்குச் செய்யும் மாணவரும் விழிப்பர். ‘10’ என்ற குறிக்குள்ளே பத்து என்னும் பொருள் இயல்பாகவே உறைகின்றது என்று அவர் நம்பியிருப்பதே காரணம். சொல்லுக்கும் பொருளுக்குமுள்ள உறவு இடுகுறியாகவும் அமையும் என்று இலக்கண வகுப்பிலே படிக்கும் மாணவன், எண்ணடியும் மாந்தர் இட்ட வழக்கே என்பதைக் கணித வகுப்பிலே அறியாது போகின்றான். இடப்பெறுமானம் விளங்காமலே மேல்வகுப்புக்கு ஏறியவன் பின்னத்திலே தடுமாறி, ‘கணக்கு வராதவன்’ என்ற பெயரைச் சுமந்து, அத்துறையையே வெறுத்து ஒதுங்குகின்றான். இழப்பு அவனுக்கு மட்டுமன்று.

பன்னிரண்டால் ஒருமுறை எண்ணிப் பார்த்தவனுக்கு இம்மயக்கம் தீரும். அங்கே கடன் வாங்கினால் பன்னிரண்டு வரும். அப்போதுதான் இங்கே பத்து வந்த காரணமும் புலப்படும். துவித எண்கள் இன்று பாடத்திட்டத்திலேயே உள்ளன. இரண்டின் அடி கணினிக்கு உதவுவது. பன்னிரண்டின் அடி கைக்கும் கண்ணுக்கும் எட்டுவது. கடிகாரத்தினால் பிள்ளைகள் அதற்கு முன்னரே பழகியும் இருக்கின்றனர். காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டவன் ஐந்து மணிநேரஞ் சென்றபின் எத்தனை மணிக்குச் சேர்வான் என்றால், இரண்டு மணிக்கு என்று சிறுவனும் தயங்காது சொல்வான்.

கைவிரல் பத்து என்பது சிலர் கூறும் தடை. பெருவிரலை நீக்கி மற்றை நான்கு விரல்களையும் நோக்குக. விரலுக்கு மூன்று கண்டமாகப் பன்னிரண்டு கண்டங்கள் உள. பெருவிரல் நுனியால் அவற்றைத் தொட்டு எண்ணினால் ஒரு கையிலே பன்னிரண்டு முடியும். முடிந்த ஒவ்வொரு சுற்றுக்கும் மற்றைக் கையில் ஒரு விரலை மடக்கினால் அறுபது வரையும் செல்லும். செபம் எண்ணுவோர் போற்றும் நூற்றெட்டும் ஒன்பது சுற்றிலே நிறைவுறும்.

ஆசிரிய நண்பர்கட்கு ஒரு வேண்டுகோள். தவணைக்கு இரண்டு பாடவேளையை இதற்கென ஒதுக்குங்கள். பிள்ளைகள் கையிலே புளியங்கொட்டைகளைக் கொடுத்துப் பன்னிரண்டு பன்னிரண்டாகக் கட்டச் செய்யுங்கள். பன்னிரண்டு கட்டுச் சேர்ந்தால் ஒரு பெட்டியில் இடச் செய்யுங்கள். எத்தனை பெட்டி, எத்தனை கட்டு, எத்தனை உதிரி என்று கேட்டு, அம்மூன்று இலக்கங்களையும் கரும்பலகையிலே வரிசையாக எழுதுங்கள். பின்பு அதே கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் கட்டச் செய்து, அதன் இலக்கங்களை முன்னையதன் கீழே எழுதுங்கள். கொட்டை ஒன்றும் கூடவுமில்லை, குறையவுமில்லை. எழுதிய எண்கள் மட்டும் வேறாயின. அது ஏன் என்பதைப் பிள்ளைகளே சொல்லும்வரை பொறுத்திருங்கள்.