ராஜபாளையம் குட்டி: மூக்கை விடுங்க, காதைப் பாருங்க

முதல்முறையா காவலுக்கு ராஜபாளையம் குட்டி வாங்குபவர்கள், பால் வெள்ளையும் ரோஸ் மூக்கும் இருந்தால் ‘ஒரிஜினல்’ என்று எடுத்துவிடுகிறார்கள். நான் காதைத்தான் பார்க்கச் சொல்வேன். உள்காதிலும் நிறமிச் செல்கள் உண்டு. அவை இல்லாவிட்டால் பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் திறன் போய்விடும். டால்மேஷனிலும் இதே கதைதான். எல்லா வெள்ளைக் குட்டிக்கும் இப்படி ஆகாது. ஆனால் கேட் சத்தமே கேட்காத நாயை வைத்து என்ன காவல்?

6 வாரத்துக்கு மேல், குட்டியைத் தனியாகப் பிரித்து (கூட்டத்தில் மற்றதைப் பார்த்து இதுவும் திரும்பிடும்), தூங்கும்போது பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்குங்க. தரை அதிரக்கூடாது, காத்து படக்கூடாது. ஒரு காது மட்டும் கேட்காததை இதில் பிடிக்க முடியாது. அதுக்கு மூளையின் மின்னலையை அளக்கும் பேயர் டெஸ்ட் வேணும். விற்பவர் குட்டியைத் தனியா விட மறுத்தா நான் வாங்கமாட்டேன்.