உத்தரவாதம் இருக்கும்போதே கணக்குப் பாருங்கள்

கடைக்கென வாங்கிய எனது புது வேன் ஒரே வருடத்தில் நான்கு தடவை கியர் கோளாறால் வழியில் நின்றது. "உத்தரவாதம் இருக்கிறதே, என்ன கவலை?" என்றார்கள் நண்பர்கள். விற்ற கம்பனியும் இலவசமாகவே திருத்தித் தந்தது. ஆனால் வேன் கராஜில் கிடந்த 23 நாட்களும் வாடகை லொறிக்குக் கொடுத்த காசை யாரும் தரவில்லை. உத்தரவாதம் பொதுவாக உதிரிப்பாகத்துக்கும் கூலிக்கும்தான்; இழந்த நாட்களுக்கு அல்ல.

ஆகவே இரண்டு கணக்கு எழுதினேன். ஒன்று, இன்று விற்றால் வரும் நட்டமும் லீசிங்கை முடிக்கும் செலவும். மற்றது, வைத்திருந்தால் போகும் வாடகையும், உத்தரவாதம் முடிந்தபின் கியர் பெட்டிக்கு ஆகும் செலவும். வாங்கிய விலையை இதில் சேர்க்கக் கூடாது. அது போன காசு.

உத்தரவாதம் வருடம், கிலோமீற்றர் இரண்டில் எது முந்துகிறதோ அதோடு முடியும். ஓடித்திரியும் வியாபாரிக்குக் கிலோமீற்றரே முந்தும்.

ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஜொப் காட் வாங்கி வையுங்கள். உத்தரவாதப்படி நடக்காவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குத் தாமதிக்காமல் எழுத்தில் முறையிடலாம்.

நான் உத்தரவாதம் ஆறு மாதம் மீதமிருக்க விற்றேன். அது புது உரிமையாளருக்கும் செல்லுமா எனக் கேட்டு உறுதிசெய்து, ஜொப் காட்களைக் காட்டி, குறையைச் சொல்லியே கொடுத்தேன். விலை குறைந்ததுதான். ஆனால் குறையை மறைத்து விற்ற காசில் பரக்கத் இருக்காது. வாங்கியவர் வீட்டுத் தேவைக்கே எடுத்தார். வேன் ஒருநாள் நின்றாலும் அவருக்கு வியாபாரம் நிற்காது.