சுணை காட்டிய இன்னொரு வழி

பூனைக்காலிக் கொடி நெற்று விடும் காலத்தில் விவரம் தெரிந்தவர்கள் அந்த வேலிப் பக்கம் கை நீட்டமாட்டார்கள். நெற்று பார்க்க அழகாகத்தான் இருக்கும். விரல் நீளம், நுனியில் மெல்லிய வளைவு, மேலெல்லாம் செம்பழுப்பு வெல்வெட் போர்த்தியது மாதிரி ஒரு பளபளப்பு. அந்தப் பளபளப்புதான் சுணை. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளமுள்ள முள். அதன் முனை கண்ணுக்கே தெரியாத அளவு கூர்மை. காற்றில் உதிர்ந்து கழுத்தில் பட்டாலே போதும், சற்று நேரத்தில் நமைச்சல் பிடித்துக்கொள்ளும். தாங்காமல் சொறிந்தால் சுணை இன்னும் ஆழமாக இறங்கும், விரல் போகிற இடமெல்லாம் பரவும்.

இந்த நமைச்சலில் ஒரு விசேஷம் உண்டு. கொசு கடித்த இடம்போலத் தோல் பெரிதாகத் தடித்துச் சிவப்பதில்லை. அலர்ஜி மாத்திரை போட்டாலும் அடங்குவதில்லை. ‘மாத்திரை போட்டும் அரிப்பு நிற்கவில்லை’ என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோன எத்தனையோ பேருக்கு இந்தக் கொடி ஒரு சாட்சி.

கொசுக்கடியில் நடப்பது நமக்கு ஓரளவு தெரிந்ததுதான். கொசுவின் எச்சில் தோலுக்குள் போனதும் அங்கிருக்கும் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகின்றன. அது ரத்தக் குழாய்களை விரித்துத் தோலைத் தடிக்க வைக்கிறது. பக்கத்தில் இருக்கும் நரம்பு நுனிகளைத் தூண்டி அரிக்க வைக்கிறது. செட்ரிசின், அவில் போன்ற மாத்திரைகள் ஹிஸ்டமின் போய் அமரும் ஏற்பியை மறித்து உட்கார்ந்துகொள்கின்றன. கொசுக்கடிக்கும் திடீரென்று உடம்பெல்லாம் தடிக்கும் தடிப்புக்கும் அவை கேட்கும். ஆனால் எல்லா அரிப்பும் ஹிஸ்டமினால் வருவதில்லை.

1955-ல் அமெரிக்காவின் வால்டர் ஷெல்லி, ராபர்ட் ஆர்தர் என்ற இரு ஆய்வாளர்கள் பூனைக்காலிச் சுணையை எடுத்து ஆராய்ந்தார்கள். நமைக்க வைப்பது அதிலுள்ள ஒரு நொதி, புரதங்களை வெட்டும் வகையைச் சேர்ந்தது என்று கண்டு அதற்கு மியூக்குனைன் என்று பெயரிட்டார்கள். முள் குத்துவதால் வரும் அரிப்பு அல்ல இது. சுணையை அதிவெப்ப நீராவியில் வைத்து எடுத்தால் நொதி கெட்டுவிடும். பிறகு அதே முள்ளால் குத்தினாலும் நமைக்காது. அப்படிச் செயலிழந்த சுணையை ஹிஸ்டமினில் ஊறவைத்துக் குத்தினால் மறுபடி அரிக்கும். ஆய்வுக்கூடங்களில் இப்படித்தான் ஒற்றைச் சுணையை இடுக்கியால் பிடித்துக் கையில் குத்தி, எந்தப் பொருள் எப்படி அரிக்க வைக்கிறது என்று பிரித்துப் பார்க்கிறார்கள். நொதி கெடாத சுணை ஒன்றே ஒன்று போதும், ஆளைச் சொறிய வைக்க.

அந்த நொதி நரம்பை எப்படி எட்டுகிறது என்பது தெரிய 2008 ஆயிற்று. பாஸ்டனில் ஈதன் லெர்னர் குழுவினர் கண்டது இது: செல்களின் மேற்பரப்பில் பார்-2, பார்-4 என்ற ஏற்பிகள் இருக்கின்றன. வெளியிலிருந்து ஒரு பொருள் வந்து ஒட்டினால் விழித்துக்கொள்ளும் சாதாரண ஏற்பிகள் அல்ல இவை. ஏற்பியின் வெளிநுனியை நொதி வெட்டுகிறது. வெட்டுப்பட்டதும் அதுவரை மறைந்திருந்த துண்டு வெளிப்பட்டு, மடங்கி வந்து, அதே ஏற்பியைத் தூண்டிவிடுகிறது. ஹிஸ்டமினுக்கு இதில் வேலையே இல்லை. மறிக்கும் மாத்திரைக்கும் இல்லை.

இந்த ஏற்பிகள் பூனைக்காலிக்காக நம் உடம்பில் உருவானவை அல்ல. நம் தோலே இதுபோன்ற நொதிகளைச் சுரக்கிறது. வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணுண்ணிகளின் கழிவிலும் அவை உண்டு. கரப்பான் வந்த தோலில் குடியேறும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியா சுரக்கும் ஒரு நொதி, பார்-1 என்ற இன்னொரு ஏற்பியை வெட்டி நேராக நரம்பையே தூண்டுகிறது என்று 2023-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். வேலியில் கண்ட அதே வேலை, குழந்தையின் முழங்கை மடிப்பில் இரவும் பகலும் நடக்கிறது.

அரிப்பை லேசான வலி என்றுதான் மருத்துவ உலகம் வெகுகாலம் நினைத்திருந்தது. அரிப்பை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாததற்கு இந்த நினைப்பும் ஒரு காரணம் என்பேன். 1997-ல் ஜெர்மனி, சுவீடன் ஆய்வாளர்கள் மனிதர்களின் கால் நரம்பில் மெல்லிய ஊசி மின்முனையைச் செருகி, ஒற்றை நரம்பிழையின் துடிப்பைப் பதிவு செய்தார்கள். ஹிஸ்டமின் வைத்ததும், ஆள் அரிக்கிறது என்று சொல்லும் நேரம் முழுக்கத் துடித்தது ஒரு தனி வகை இழை. அழுத்தினால் அது அசையவில்லை. உடம்பில் மிக மெதுவாகச் செய்தி கடத்தும் நரம்பிழைகளில் ஒன்று அது. நொடிக்கு அரை மீட்டர்தான் போகும். காலில் தொடங்கும் அந்தச் செய்தி தண்டுவடம் போய்ச் சேரவே இரண்டு நொடி ஆகும்.

தண்டுவடத்துக்குள்ளும் அரிப்புக்குத் தனி ஏற்பாடு உண்டு. செயின்ட் லூயிஸ் நகரில் ஜோ-ஃபெங் சென் குழுவினர் 2007-ல் எலிகளில் ஜிஆர்பிஆர் என்ற ஏற்பிக்கு அரிப்பில் உள்ள பங்கைக் கண்டறிந்தார்கள். அந்த ஏற்பியுள்ள நரம்பணுக்களை அழித்த எலிகள், 2009-ல் வந்த ஆய்வின்படி, அரிப்புப் பொருள் எதை ஊசியில் ஏற்றினாலும் பெரிதாகச் சொறியவில்லை. சூடு பட்டால் மட்டும் வழக்கம்போலக் காலை உதறின. வலி இருக்கிறது, அரிப்பு போய்விட்டது.

அப்படியானால் சொறிந்தால் ஏன் சுகமாக இருக்கிறது? நகம் கொடுக்கும் சிறு வலி, தண்டுவடத்தில் அரிப்பை அடக்கும் நரம்பணுக்களை எழுப்புகிறது. அவை டைனார்ஃபின் என்ற பொருளைச் சுரக்கின்றன. உடம்பே தயாரிக்கும் ஓபியாய்டு அது. அதன் பிடியில் அரிப்பு சற்று நேரம் அடங்குகிறது. மூளைக்கும் இதில் பங்குண்டு. ஒரு கையில் அரிக்கும்போது, கண்ணாடியில் அந்தக் கைபோலத் தெரியும்படி வைத்து மறு கையைச் சொறிந்தாலும் அரிப்பு குறைகிறது என்று 2013-ல் ஒரு ஜெர்மானியக் குழு காட்டியிருக்கிறது.

சுகத்துக்கு விலையும் உண்டு. சொறியும்போது தூண்டப்படும் வலி நரம்புகள் சப்ஸ்டன்ஸ்-பி என்ற பொருளை வெளிவிடுகின்றன. ஏற்கெனவே கொதித்திருக்கும் மாஸ்ட் செல்களை அது இன்னும் கிளறுகிறது, வீக்கம் கூடுகிறது. இதை எலிகளில் நிறுவிய பிட்ஸ்பர்க் ஆய்வு 2025 தொடக்கத்தில் வெளியானது. அதே ஆய்வில், சொறிந்த தோலில் ஸ்டெஃபிலோகாக்கஸ் குறைந்திருந்ததையும் கண்டார்கள். சொறியும் பழக்கம் விலங்குகளிடம் இத்தனை காலம் நிலைத்திருப்பதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

அலர்ஜி மாத்திரைக்குக் கேட்காத அரிப்பு பூனைக்காலியோடு முடிவதில்லை. டயாலிசிஸ் எடுத்துக்கொள்பவர்கள் பலரை அரிப்பு இரவில் தூங்க விடாது. முதுகுக்குக் கை எட்டாமல் சீப்பை வைத்துத் தேய்ப்பவர்கள் உண்டு. கதவுக் கட்டையில் உரசிக்கொள்பவர்கள் உண்டு. தோலில் பார்த்தால் நகக்கீறல்களைத் தவிர ஒன்றும் இருக்காது. ‘அலர்ஜியா இருக்கும், ஒரு மாத்திரை போட்டுக்கங்க’ என்று அவர்களிடம் சொல்வது எனக்கு மிகவும் கோபம் வரவழைக்கும் விஷயம். பழைய ரக மாத்திரை தூக்கத்தைத் தரும். அந்தத் தூக்கத்தில் அரிப்பு தெரியாமல் இருக்கலாம், அவ்வளவுதான். டைனார்ஃபின் பிடிக்கும் அதே ஏற்பியைப் பிடிக்கும் மருந்துகள் இப்போது இருக்கின்றன. நால்ஃபுராஃபினுக்கு 2009-ல் ஜப்பான் அனுமதி கொடுத்தது. டயாலிசிஸ் முடியும்போது ஊசியாகச் செலுத்தும் டிஃபெலிகெஃபாலினுக்கு 2021-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. நரம்பு வலிக்குத் தரும் கபாபென்டினும் குறைந்த அளவில் பலருக்குக் கேட்கிறது. அது நம் ஊர் மருந்துக்கடைகளிலேயே உண்டு. ஆனால் சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து என்பதால், அளவை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

கல்லீரலில் பித்தம் தேங்கினாலும் இப்படித்தான், தடிப்பு ஏதுமில்லாமல் உடம்பு அரிக்கும். கர்ப்பிணிகளில் சிலருக்கு ஏழாம் மாதத்துக்குப் பிறகு உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கத் தொடங்கி, இரவில் கூடும். வயிறு பெரிதாகும்போது தோல் இழுபட்டு அரிப்பது எல்லோருக்கும் உண்டு என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். வயிற்றின் மேல் அரிப்புக்கு அது பொருந்தும். கையும் காலும் அரித்தால், எண்ணெய் தடவி நாளைக் கடத்தாமல் மறுநாளே மருத்துவரைப் பார்த்து, ரத்தத்தில் பித்த அமிலத்தின் அளவைச் சோதிக்கக் கேட்க வேண்டும். அந்த அளவு மிகவும் கூடினால் வயிற்றிலேயே குழந்தை இறந்துவிடும் ஆபத்து இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் பிரசவத்தை எப்போது வைத்துக்கொள்வது என்பதை மருத்துவர்கள் முடிவு செய்கிறார்கள்.