வீட்டுக் குளிர்ச்சி மொட்டை மாடியில் தொடங்குகிறது

கோடையில் இரவு ஒன்பது மணிக்கும் மேல்மாடி அறையின் கான்கிரீட் தளம் தொட்டால் வெதுவெதுவென்றிருக்கும். சித்திரை வெயில் சென்னைக்கு ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்பதால், சுவர்களைவிட மொட்டை மாடிதான் அதிக வெப்பத்தை வாங்குகிறது. ஐந்து அங்குலத் தளம் பகலெல்லாம் அதைச் சேர்த்து வைத்து, சில மணி நேரம் தாமதமாக அறைக்குள் இறக்குகிறது. ஏசி ஓடுவதில் பெரும்பங்கு இந்தச் சூட்டை வெளியேற்றத்தான்.

நம் கொத்தனார்கள் இதற்கு அன்றே வழி கண்டிருந்தார்கள். மெட்ராஸ் டெரஸ் எனப்படும் பழைய கூரையில், தேக்கு விட்டங்களின் மேல் செங்கல்லைக் குத்துவாக்கில் அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய், வெல்ல நீர் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். கடைசியாகத் தட்டோடு பதிப்பார்கள். செங்கல் ஜல்லியின் நுண்துளைகளில் அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. சுருக்கி எனப்படும் இதே செங்கல் ஜல்லி, சுண்ணாம்புத் தளத்தைக் கான்கிரீட் தளத்தின் மேலும் போடலாம். செலவு மிச்சமென்று வெறும் சிமென்ட் பூச்சோடு நிறுத்துவதால்தான் இன்றைய வீடுகள் கொதிக்கின்றன.

கட்டி முடித்த வீட்டுக்கும் வழி உண்டு. முதலில் விரிசல்களை அடைத்து நீர்க்கசிவை நிறுத்துங்கள். பிறகு வெள்ளை அடியுங்கள். புதிய வெண்பூச்சு வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும்; பழைய கான்கிரீட்டோ பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். தூசி படிந்தால் பலன் குறையும் என்பதால், கோடைக்கு முன் கழுவி மறுபடி அடிக்க வேண்டும். வெள்ளை கூலிங் டைல்ஸும் இதே வேலையைச் செய்யும்.

அடுத்தது காப்பு. மீன் கடை ஐஸ் பெட்டியில் இருக்கும் தெர்மோகோல், கான்கிரீட்டைவிட ஏறத்தாழ 40 மடங்கு குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும். கூரைக்கென்று வரும் அழுத்தமான அட்டைகளைத் தளத்தின் மேற்புறம் பரப்பி, மேலே சுருக்கியும் ஓடும் போட வேண்டும். அட்டையை அறைக்குள் உட்கூரையாக ஒட்டினாலும் சூடு குறையும். ஆனால் தளம் வெயிலில் காய்வது நிற்காது.

ஏசியின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு. தளம் குளிர்ந்த வீட்டில் 26 டிகிரியே போதும். புது ஏசிக்குப் பணம் எடுத்துவைக்கும் முன், ஒருமுறை மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள். முதல் செலவு அங்கே இருக்கட்டும்.